‘96’ படமும் நம் தோட்டத்துக் கண்ணீரும்

இந்த வாரம் ஒரு சினிமாப் படத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், “செம்பனைக் குலை விலை, வீட்டுப் பிரச்சினை, பிள்ளைகள் படிப்பு என்று எழுத எத்தனையோ இருக்க, இந்த மனுஷனுக்கு சினிமாதானா கிடைத்தது?” என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். படத்தில் தொடங்கினாலும் நான் வந்து சேரப் போவது நம்முடைய லயத்து வாசலுக்குத்தான்.

சென்ற மாதம், குளுவாங் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை இரவு ‘96’ படத்தைப் போட்டார்கள். படம் 2018-இல் வந்தது. வீட்டு டிவியிலும் கைப்பேசியிலும் பலர் முன்னமே பார்த்ததுதான். ஆனாலும் நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது அல்லவா? பையன்கள் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி, வாடகைக்கு எடுத்து வந்த கருவியால் படத்தைக் காட்டினார்கள். துணியைப் பார்த்ததுமே எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் சம்பளம் போட்ட வாரத்தில் திடலில் படம் காட்டுவார்கள். இரண்டு கம்பம் நட்டு நடுவில் துணி. முன்னால் இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கம் போய் உட்காருவார்கள். அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் தலைமாறித் தெரியும், எல்லாரும் இடது கையால் சாப்பிடுவார்கள்! ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். அது 1962-இல் வந்த படம். எங்கள் திடலுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. டாக்டர் கல்யாண்குமாரிடம் நோயாளி முத்துராமனை அழைத்து வருகிற மனைவி தேவிகாதான், அந்த டாக்டர் முன்பு நேசித்த பெண். கணவனைப் பிழைக்க வைத்துவிட்டு டாக்டர் செத்துப் போவார். அன்றைக்குத் திடலே அழுதது. மறுநாள் பிரட்டில் நின்ற பெண்களின் கண்ணெல்லாம் வீங்கி இருந்ததாக என் தாயார் சொல்வார்.

ஆகவே, பிரிந்த காதலர்கள் மீண்டும் சந்திக்கிற கதை நமக்குப் புதிது இல்லை. ‘96’ எடுத்தவர் பிரேம்குமார். அதற்கு முன் ஒளிப்பதிவாளராக இருந்தவர். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள். ராமின் குடும்பம் திடீரென்று ஊரை விட்டுப் போய்விடுகிறது. 22 வருஷம் கழித்து, 1996-ஆம் ஆண்டு மாணவர்கள் சென்னையில் கூடும்போது இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். விஜய் சேதுபதியின் ராம் ஊர் ஊராகப் போய்ப் படம் பிடிக்கிறவன், கல்யாணம் ஆகாதவன். திரிஷாவின் ஜானுவோ புருஷன், பெண் பிள்ளையோடு சிங்கப்பூரில் வாழ்கிறவள். கையில் இருப்பது ஓர் இரவு. விடிந்தால் அவளுக்கு விமானம். அவ்வளவுதான் கதை. தொட்டுக்கொள்வதுகூட இல்லை என்று சொல்லிவிடலாம்.

சிங்கப்பூர் என்றதும் எங்கள் பையன்களுக்கு ஒரே குஷி. விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் அல்லவா! “ஜானு அக்கா உட்லண்ட்ஸில்தான் இருப்பாங்க, நான் பார்த்திருக்கேன்” என்று ஒருவன் அடித்துவிட்டான்.

படம் முடிந்ததும் மண்டபத்திலேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவர் எழுந்து நின்று, “கல்யாணமான பொம்பளை ராத்திரி பூரா இன்னொருத்தன் வீட்டுல தங்குறது நியாயமா? இதையெல்லாம் கோயில் மண்டபத்துல போடலாமா?” என்று கேட்டார். அவர் கேள்வியை நான் கேலி செய்ய மாட்டேன். நம்மில் பல பேர் வளர்ந்த விதம் அது. சுவர் ஒன்றுக்கு இரண்டு குடும்பம் என்று லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு, நாலு பேர் வாய்க்குப் பயப்படாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த இரவில் அவர்கள் செய்தது என்ன? பேசினார்கள். பேச வேண்டிய வயதில் பேச விடாமல் போனதை 22 வருஷம் கழித்துப் பேசித் தீர்த்தார்கள். இதில் எந்த ஒழுக்கம் கெட்டது என்று எனக்கு விளங்கவில்லை.

இளவட்டங்களின் கட்சி வேறு. ராம் மாதிரி உண்டா, ஒருத்தியை நினைத்துக்கொண்டே கடைசி வரை இருக்கிறானே என்று உருகினார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை, தம்பிகளே! அவளைத் தேடிக் கல்லூரி வாசல் வரை போனவன், இன்னொருத்தர் வந்து சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டுத் திரும்பிப் போய்விடுகிறான். அவள் கல்யாணத்துக்கும் வந்து ஒளிந்து நிற்கிறான். முன்னால் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதையே மாறியிருக்கும். அவன் பொறுமையைப் பாராட்டுகிறவர்கள் அவன் பேசாமல் போனதால் ஜானு பட்ட பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது மட்டுமா? நினைவுகளைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு தனியாக வாழ ராமுக்கு வசதி இருந்தது. கட்டிக்கொடுக்க மூன்று தங்கச்சி, மளிகைக் கடைக் கடன் என்று கழுத்தைப் பிடித்திருந்தால் அந்தப் பெட்டியை வைக்க இடம் ஏது?

பெண்கள் பக்கம் அதிகம் பேசவில்லை, அழுதுகொண்டிருந்தார்கள். கேட்டபோது எல்லாரும் ஒரே கட்டத்தைத்தான் சொன்னார்கள். ராமிடம் படம் பிடிக்கக் கற்கும் பெண் பிள்ளைகள் ஜானுவை அவன் மனைவி என்று நினைத்துவிடுவார்கள். எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்பார்கள். அவளும் இல்லை என்று சொல்லாமல், கல்லூரியில் அவன் வந்து தன்னைப் பார்த்ததாகவும், பிறகு கல்யாணம் ஆனதாகவும் நடக்காத ஒன்றை நடந்த மாதிரியே சொல்வாள். தளபதி படத்துப் பாட்டை அவள் பாடுகிற இடத்தில் ஆண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். இந்தப் பொய்க் கதைக்குத்தான் பெண்கள் அழுதார்கள்.

அப்போதுதான் பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா, எழுபது வயதைத் தாண்டியவர், மெதுவாகச் சொன்னார்: “அவளுக்குப் பொய்யாச்சும் சொல்ல ஆள் கிடைச்சாங்க.”

மண்டபமே அடங்கிவிட்டது. பிறகு அவர் வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னதை, அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது வயதானவர்களுக்குத் தெரியும். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. 1969, 1970-ஆம் ஆண்டுகளில், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறின. அதில் ஒரு குடும்பம் எங்கள் தோட்டத்துக் கீழ் லயத்தில் இருந்தது. அந்த வீட்டுப் பையனுக்கு 19 வயது, அக்காவுக்கு 17. பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். காதல் என்று சொல்லிக்கொண்டதுகூட இல்லையாம். “என் வாளிய ஸ்டோருக்குத் தூக்கிட்டு வருவாரு. அவ்வளவுதான் தம்பி.”

குடும்பம் கிளம்பிய அன்று லோரி வந்து நின்றது. குளுவாங் ரயில் நிலையத்துக்கு. “ரஜுலா கப்பல்னு பேசிக்கிட்டாங்க. நான் கப்பலை எங்க கண்டேன்? லோரியத்தான் பார்த்தேன்” என்றார். பையன் போய்ச் சேர்ந்து இரண்டு கடிதம் போட்டிருக்கிறான். அப்போது தோட்டத்துக்கு வரும் கடிதம் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும், கிராணி பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். அக்காவின் தகப்பனார் வாங்கி, அடுப்பில் போட்டுவிட்டார். மூன்று பிள்ளை பெற்ற பிறகு ஒரு நாள் தாயார் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அக்காவுக்கே தெரியும். ராமுக்குக் கல்லூரி வாசலில் ஒரு வார்த்தை; இவருக்கு அடுப்புக்குள் இரண்டு கடிதம். “என் வீட்டுக்காரரு நல்ல மனுஷன். அவரைப் பத்தி ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கலாம்.” இதைச் சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

பிறகு அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “அந்தப் பையன் போய் நின்னானே, அவன் பள்ளிக்கூடம் அப்படியே இருக்கில்ல?” படத்தின் தொடக்கத்தில் ராம் தஞ்சாவூரில் தான் படித்த பள்ளிக்குள் போய், வகுப்பு வகுப்பாகத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அங்கிருந்துதான் பழைய நண்பர்கள் கூடும் யோசனையே பிறக்கும். எங்கள் தோட்டப் பள்ளியோ பட்டணத்துப் பக்கம் மாற்றப்பட்டுவிட்டது. கட்டடம் இருந்த இடத்தில் இன்று செம்பனைக் கன்று. கீழ் லயமும் இடிபட்டுவிட்டது. ஜொகூரில் எத்தனை தோட்டங்கள் துண்டாடப்பட்டன, எத்தனை வீடமைப்புப் பகுதிகளாக மாறின என்பதைச் சொல்லத் தேவையில்லை. சந்திக்கலாம் என்றாலும் எங்கே போய் நிற்பது?

இப்போது ஊருக்கு ஊர் ‘தோட்ட ஒன்றுகூடல்’ நடக்கிறது. வாட்சப்பில் பழைய ஆட்களைத் தேடிப் பிடித்து, மண்டபம் எடுத்து, தோட்டத்தின் பெயர் போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கூடுகிறார்கள். நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. எங்கள் தோட்டத்துக்காரர்களும் ஜொகூர் பாருவில் ஒன்று நடத்தினார்கள். தலைக்கு 60 வெள்ளி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மாதம் 26 நாள் வேலை என்று பிரித்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி. ஆக, ஒரு நாள் முழுக்கக் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியது அந்த ஒரு சாப்பாட்டுக்கும் சட்டைக்கும் போய்விடும். போக்குவரத்துச் செலவு வேறு.

ஆனால் காசு மட்டும் காரணமில்லை. எங்கள் லயத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர். வகுப்பில் முதலாவதாக வந்தவர். ஏன் போகவில்லை என்று கேட்டேன். “எல்லாரும் கார்ல வருவாங்கண்ணே. நீ என்ன பண்றேன்னு கேட்பாங்க. இன்னும் அதே வீட்டுல, அதே காட்டுலன்னு சொல்லவா?” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இதனால்தான், ‘96’-ஐவிட ‘அழகி’ நமக்கு நெருக்கமான படம் என்பேன். தங்கர் பச்சான் தம்முடைய ‘கல்வெட்டு’ என்ற சிறுகதையை வைத்து 2002-இல் எடுத்தது. பார்த்திபனும் நந்திதா தாஸும் சின்ன வயதில் ஒரே கிராமத்துப் பிள்ளைகள். அவன் படித்து முன்னேறிப் பட்டணத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். அவளை மீண்டும் பார்க்கும்போது, அவள் பிள்ளையோடு தெருவோரத்தில் கிடக்கிறாள். மனம் கேட்காமல் வீட்டு வேலைக்காரியாகக் கூட்டி வருகிறான். பழைய காதலியின் கையால் எச்சில் தட்டைக் கழுவ வைக்கிற சந்திப்பு! ராமும் ஜானுவும் ஒரே படியில் நிற்கிறார்கள், அதனால் அவர்களுக்குப் பேச ஓர் இரவு போதுமாக இருந்தது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றால் பேச்சு எப்படி வரும்? இரக்கம்தான் வரும். நம் பெண்களுக்கு அந்த இரக்கம் வேண்டாம் என்றுதான் அவர்கள் ஒன்றுகூடலுக்கு வருவதில்லை.

எனவே ஒன்றுகூடல் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மண்டபத்தை விடுங்கள். தோட்டத்துக்கு வாருங்கள். கோயில் திடல் இருக்கிறது, பந்தல் போட எங்கள் பையன்கள் இருக்கிறார்கள். கட்டணம் வைக்காதீர்கள், அரிசி, பருப்பைப் பங்கு போட்டுக்கொள்வோம். காரைத் திடலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பழைய சட்டையில் வாருங்கள். “என்ன செய்கிறாய்?” என்று கேட்காதீர்கள், “எந்த நிரை உனக்கு?” என்று கேளுங்கள். பதில் வரும். தமிழ்நாட்டுக்குப் போனவர்களின் பிள்ளைகள், பேரன்கள் யாராவது வாட்சப்பில் இருந்தால் அவர்களையும் தேடுங்கள். கீழ் லயத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி இங்கே ஒருவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

ஆடித் திருவிழாவுக்கு எங்கள் திடலில் மறுபடி படம் போடுகிறோம், இந்த முறை வெளியில், இரண்டு கம்பம் நட்டு. ‘அழகி’யைப் போடலாம் என்று நான் சொன்னேன். மண்டோர் பக்திப் படம்தான் என்கிறார். அக்காவிடம் கேட்டதற்கு, “போதும்டா அழுதது, நாகேஷ் படமா பார்த்துப் போடுங்க” என்றுவிட்டார்.