வாசல் மணிக்குக் காது எதற்கு?

வாசலில் ஒரு பொத்தான் இருக்கிறது. வந்தவர் அதை அழுத்துகிறார். உள்ளே மணி அடிக்கிறது. வீட்டுக்காரர் வந்து கதவைத் திறக்கிறார்.

பல காலமாக வாசல் மணியின் வேலை இவ்வளவுதான். வந்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. அவர் என்ன பேசினார் என்றும் தெரியாது.

இப்போது வந்திருக்கும் மணி அப்படி அல்ல. அதற்குக் கண் இருக்கிறது. காது இருக்கிறது. வாயும் இருக்கிறது! பார்த்ததையும் கேட்டதையும் அது சேர்த்தும் வைக்கிறது.

இதனால் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு. சரி. வாசலில் நிற்பவருக்கும், எதிர் வீட்டுக்காரருக்கும் இதனால் என்ன? இதுதான் இன்று எழுந்திருக்கும் கேள்வி.

எப்படி வேலை செய்கிறது?

பொத்தானுக்கு மேலே சிறிய கேமரா ஒன்று பதித்திருக்கிறது. பக்கத்தில் மைக் இருக்கிறது. சிறிய ஒலிபெருக்கியும் உண்டு. யாராவது நடமாடினால் அதைக் கண்டுபிடிக்கும் கருவியும் உள்ளே இருக்கிறது.

வாசல் பக்கம் ஆள் வந்ததும் படம் பிடிப்பது தொடங்கிவிடும். பொத்தானை அழுத்த வேண்டும் என்பது இல்லை. வீட்டுக்காரர் ஆபீசில் இருந்தாலும் அவருடைய செல்போனில் படம் தெரியும். அங்கிருந்தபடியே அவர் பேசலாம்.

பிடித்த படம் எங்கே போகிறது? பெரும்பாலும் அது வீட்டில் தங்குவது இல்லை. இண்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. பல நாட்கள் அங்கேயே இருக்கிறது.

இந்த மணி பிறந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் ஜேமி சிமினோஃப் என்பவர் தன் வீட்டுக் கார் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தார். வாசலில் மணி அடித்தால் அவர் காதில் விழவில்லை. அதற்கு ஒரு வழி தேடினார். மணியைச் செல்போனோடு இணைத்தார். 2013-ல் டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றில் அதைக் காட்டி முதலீடு கேட்டார். பேரம் படியவில்லை. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. "ரிங்" என்ற பெயரில் வியாபாரம் வளர்ந்தது. 2018-ல் அமேசான் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது.

மணி காதில் விழவில்லை என்று ஒருவர் செய்த கருவி அது. இப்போது அந்த மணியே ஊர்ப் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டது!

உபயோகம் இல்லாமல் இல்லை

இந்தக் கருவியால் நன்மை உண்டு. அதை மறுக்கக்கூடாது.

தனியாக இருக்கும் மூதாட்டி, கதவைத் திறக்கும் முன்பே வந்தவர் யார் என்று பார்க்கலாம். வேலைக்குப் போன தாய், பிள்ளை பள்ளி விட்டு வீடு வந்து சேர்ந்துவிட்டானா என்று தெரிந்துகொள்ளலாம். திருட வந்தவன் முகம் பதிவானால் போலீசாருக்கு அது துப்பு.

ஆனால், வாசலுக்கு இரண்டு பக்கம் உண்டு. உள்ளே இருப்பவர் ஒரு பக்கம். வெளியே நிற்பவர் மறு பக்கம். உள்ளே இருப்பவர் விரும்பித்தான் மணியை மாட்டினார். வெளியே நிற்பவரை யாரும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இதை நன்றாக விளக்குகிறது.

ஆக்ஸ்போர்டு வழக்கு

இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்காரர். 2019-ல் அவருடைய காரைத் திருட முயற்சி நடந்தது. அவர் பயந்துபோனார். வீட்டைச் சுற்றிக் கேமராக்கள் வைத்தார். வாசலில் கேமரா மணி. கொட்டகையில் ஒரு கேமரா. பொதுவான கார் பாதையைப் பார்த்தபடி இன்னொன்று.

பக்கத்தில் ஒரு பெண்மணி வசித்தார். அவர் அந்த வழியாகப் போய்வருவது உண்டு. தான் போவதும் வருவதும் பதிவாகிறது என்று அறிந்து திடுக்கிட்டார். கேமராக்களைப் பற்றிக் கேட்டார். சரியான பதில் வரவில்லை. பேச்சு முற்றியது. பகை வளர்ந்தது. கடைசியில், தன் வீட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது என்று அவர் கோர்ட்டில் முறையிட்டார்.

திருடனுக்குப் பயந்து ஒருவர் கேமரா வைத்தார். கேமராவுக்குப் பயந்து இன்னொருவர் வீட்டைவிட்டுப் போனார்!

வழக்கை விசாரித்தவர் நீதிபதி மெலிசா கிளார்க். 2021-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி அவர் தீர்ப்புச் சொன்னார்.

கேமரா வைத்ததே குற்றம் என்று அவர் சொல்லவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். வாசல் மணி எடுத்த படத்தை அவர் தவறு என்று கூறவில்லை. அந்தப் பெண் நடந்து போகும்போது தற்செயலாக அதில் பதிந்தார், அவ்வளவுதான். தன் வாசலுக்கு வருபவரைப் பார்க்க வீட்டுக்காரருக்கு நியாயமான காரணம் உண்டு என்றார்.

ஆனால், கார் பாதையைப் பார்த்த கேமராவை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கேமராக்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதில் வீட்டுக்காரர் அந்தப் பெண்ணைத் தவறாக நம்பவைத்தார் என்றும் கண்டார். அவரைத் துன்புறுத்தியது உண்மை என்றும், தகவல் பாதுகாப்புச் சட்டம் மீறப்பட்டது என்றும் தீர்ப்பு அளித்தார்.

பேச்சைப் பதிவு செய்ததுதான் தீர்ப்பில் முக்கியமான விஷயம். கேமராவின் கண் எட்டும் தூரத்தைவிட மைக்கின் காது எட்டும் தூரம் மிக அதிகம். 40 அடிக்கு அப்பால் பேசுவதும் அதில் பதிவாகும் என்று விசாரணையில் பேசப்பட்டது. திருட்டைத் தடுக்க இவ்வளவு தேவை இல்லை, இதைவிடக் குறைவாகவே அந்தக் காரியத்தைச் செய்யலாம் என்பது நீதிபதியின் முடிவு.

கண்ணும் காதும்

இந்த முடிவு நியாயமானதுதானா? எண்ணிப் பார்த்தால் நியாயம் விளங்கும்.

கண்ணுக்கு ஒரு எல்லை உண்டு. சுவர் மறைத்தால் தெரியாது. திரை போட்டால் தெரியாது. கேமரா எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஒதுங்கியும் போகலாம்.

காதுக்கு அந்த எல்லை இல்லை. வேலிக்கு அப்பால் பேசுவதும் கேட்கும். மைக் எந்தப் பக்கம் கேட்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வாசலில் நின்று மனிதர்கள் என்னென்னவோ பேசுகிறார்கள். மகளின் கல்யாணப் பேச்சு. தம்பி வாங்கிய கடன். டாக்டர் சொன்ன வியாதி. கணவன் மனைவிக்குள் சிறு சண்டை. இவை எல்லாம் திருட்டைப் பிடிக்க உதவுமா?

பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்பது கேவலம் என்று பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். காதை வைத்துக் கேட்டால் கேவலம். கருவியை வைத்துக் கேட்டால் பாதுகாப்பா?

"சுவருக்கும் காது உண்டு" என்பது பழமொழி. அது எச்சரிக்கையாகச் சொன்ன பேச்சு. இப்போது மனிதனே காசு கொடுத்துச் சுவருக்குக் காது வாங்கி மாட்டுகிறான்!

படம் யார் கையில்?

வீட்டுக்காரர் நல்லவராக இருக்கலாம். தன் கேமராவில் பதிந்ததை யாருக்கும் காட்டாதவராக இருக்கலாம். ஆனால், படம் அவர் கையில் மட்டும் இல்லையே!

2023-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம், ரிங் கம்பெனி மீது புகார் கொண்டுவந்தது. வீட்டுக்குள் வைக்கும் கேமராக்களையும் அந்தக் கம்பெனி விற்றுவந்தது. 2017-ல் அதன் ஊழியர் ஒருவர், பெண்கள் வீட்டுப் படுக்கை அறை, குளியல் அறைகளில் பதிவான ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்தார் என்று ஆணையம் கூறியது. கம்பெனி 58 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்து, வழக்கை முடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, வாடிக்கையாளர் 1 லட்சத்து 17 ஆயிரம் பேருக்கு அந்தப் பணத்தில் இருந்து பங்கு அனுப்பப்பட்டது.

போலீசார் விஷயம் இன்னொன்று. 2022 ஜூலையில் அமேசான் கம்பெனி, அமெரிக்க செனட் உறுப்பினர் எட்வர்டு மார்க்கிக்குப் பதில் அனுப்பியது. அந்த ஆண்டில் அதுவரை 11 தடவை, வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமலே போலீசாருக்குப் படம் கொடுத்ததாக அதில் சொன்னது. அவை அவசர நிலைமைகள் என்று காரணம் கூறியது.

போலீசார் ரிங் செயலி வழியாகப் படம் கேட்கும் வசதி நிறுத்தப்படும் என்று 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. 2025-ல் அதைப் போன்ற வசதி வேறு பெயரில் மறுபடியும் வந்தது. போலீசார் கேட்டால், வீட்டுக்காரர் கொடுக்கலாம், மறுக்கலாம்.

குற்றவாளியைப் பிடிக்கப் போலீசாருக்கு உதவுவது நல்லதுதான். ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்பது போலீஸ். கொடுப்பது வீட்டுக்காரர். படத்தில் இருப்பவரோ வழிப்போக்கர். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பது இல்லை.

"மடியில் கனம் இல்லை"

"மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் ஏன்?" என்று சிலர் கேட்கிறார்கள். தவறு செய்யாதவர் கேமராவுக்கு ஏன் கூச்சப்பட வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறவர் திருட்டுச் சோறா சாப்பிடுகிறார்? ஜன்னலுக்குத் திரை போடுகிற குடும்பம் குற்றமா செய்கிறது? மறைப்பு வேறு. மானம் வேறு. குற்றம் செய்யாதவருக்குத்தான் மானம் பெரிது.

தினமும் பல வீட்டு வாசல்களில் நிற்பவர்களையும் நினைக்க வேண்டும். பால் கொண்டுவருபவர், தபால்காரர், சிலிண்டர் தூக்கி வருபவர், பார்சல் கொடுக்கும் இளைஞர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா. இவர்கள் வேண்டாம் என்று திரும்பிப்போக முடியாது. பிழைப்பு அது. ஒவ்வொரு வாசலிலும் அவர்களுடைய முகமும் பேச்சும் பதிவாகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

செக் நாட்டில் இருந்து வந்த வழக்கு ஒன்றில், 2014 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சொந்தப் பாதுகாப்புக்காகவே கேமரா வைத்தாலும், அது பொதுத் தெருவைப் படம் பிடித்தால் அதை வெறும் வீட்டு விவகாரம் என்று கூற முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. பிரிட்டனிலும் அதுவே விதி. கேமரா வேலிக்குள் நின்றால் தகவல் சட்டம் தலையிடாது. வேலியைத் தாண்டினால் சட்டமும் வந்துவிடும். படத்தில் பதிந்தவர் அதன் நகலைக் கேட்கலாம்.

இந்தியாவில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒருமனதாகத் தீர்ப்பு அளித்தார்கள். 2023-ல் தகவல் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. ஆனால், தனிநபர் தன் சொந்தக் காரியத்துக்காகவோ வீட்டுக் காரியத்துக்காகவோ தகவல் சேர்த்தால், அந்தச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. தெருவைப் பார்க்கும் வாசல் மணியைப் பற்றி அதில் தனியாக ஒன்றும் சொல்லவில்லை.

ஆகையால், சட்டம் சொல்லாத இடத்தில் மனச்சாட்சிதான் வழிகாட்ட வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

மணியைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. சில காரியங்களைச் செய்தால் போதும்.

முதலாவது, ஒலிப் பதிவை நிறுத்திவிட வேண்டும். பல கருவிகளில் இதற்கு வசதி இருக்கிறது. படம் மட்டும் இருந்தாலே வந்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, கேமரா தன் வாசலைப் பார்க்கட்டும். எதிர் வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டாம். சில கருவிகளில், படத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடவும் முடியும்.

மூன்றாவது, "இங்கே கேமரா இருக்கிறது" என்று ஒரு சிறு பலகை எழுதி மாட்ட வேண்டும். வந்தவர் தெரிந்துகொண்டு பேசுவார்.

நான்காவது, பழைய படங்களைச் சேர்த்து வைக்கக்கூடாது. வேடிக்கைக்காகப் பிறருக்கு அனுப்பவும் கூடாது.

ஐந்தாவது, கேமரா மாட்டும் முன்பு பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவர் கேட்டால் என்ன பதிவாகிறது என்று செல்போனில் காட்டிவிடலாம். ஆக்ஸ்போர்டு வழக்கில், இந்தக் காரியம் ஒழுங்காக நடந்திருந்தால் இரண்டு வீட்டுக்காரர்களும் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்காது.

அவசரத்துக்கு ஓடி வருபவர் அண்டை வீட்டுக்காரர்தான். நள்ளிரவில் நெஞ்சு வலி என்றால், மணி கதவை உடைத்துக்கொண்டு வராது. அவர்தான் வருவார். அவர் மனம் புண்படும்படி வாங்கும் பாதுகாப்பு, பாதுகாப்பு ஆகாது.

வாசல் மணிக்குக் கண் இருந்துவிட்டுப் போகட்டும். காதை மூடிவிடுவதே நல்லது!