மோட்டார் போர்டைக் கெடுக்கும் மறைமுக எதிரி

கிணற்று மோட்டார் நின்றுவிட்டால் நாம் முதலில் கரண்டைக் குறை சொல்கிறோம். அடுத்து இடியைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்று காரணமாக இருக்கவும் கூடும். ஆனால் மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அது நம் கையிலேயே இருப்பதால் உழவர் பெருமக்கள் அதைக் கவனிப்பதில்லை.

சென்ற கோடையில் திருத்தணி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஒரு சிறு விவசாயி ஒரு ஏக்கரில் நிலக்கடலை போட்டிருந்தார். விழுது இறங்கும் பருவம். அந்த நேரத்தில் மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் விழுது மண்ணுக்குள் போகாது, மகசூல் குறையும் என்பது உங்களுக்கே தெரியும். அவருடைய ஆட்டோ ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை. போர்டைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பைக்கில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் ஏதோ ஒரு பாகத்தை மாற்றித் தந்தார். பத்து நாள் ஓடியது, மறுபடியும் நின்றது. "சார், புகையும் இல்லே, கருகலும் இல்லே. பார்த்தா புதுசாட்டம் இருக்குது. ஆனா செத்துப் போச்சு" என்றார்.

அந்தப் போர்டு எதனால் போயிற்று என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் அது பயணம் செய்த விதத்தைக் கேட்டதும் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அந்த ஐயத்துக்குப் பெயர் நிலை மின்சாரம்.

நிலை மின்சாரம் நமக்குப் புதியதன்று. உலர்ந்த தலையில் பிளாஸ்டிக் சீப்பால் வாரி, அதைக் காகிதத் துண்டின் அருகே கொண்டு போனால் காகிதம் ஒட்டிக்கொள்ளும். நைலான் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொரியும். இரண்டு பொருள்கள் உரசிப் பிரியும்போது உண்டாகும் மின்னேற்றம்தான் இதற்குக் காரணம். காற்றில் ஈரம் இருந்தால் இது மெல்லக் கசிந்து போய்விடும். காற்று வறண்டிருந்தால் தங்கிவிடும். பிளாஸ்டிக் தரையில் நடக்கும் ஒருவர் உடலில், ஈரம் மிகுந்த காற்றில் 250 வோல்ட் அளவே ஏறும் என்றும், மிக வறண்ட காற்றில் 12,000 வோல்ட் வரை ஏறலாம் என்றும் மின்னணுத் துறையினர் கணக்குச் சொல்கிறார்கள். மின்சாரத்தின் அளவு மிகச் சொற்பமாதலால் நம் உயிருக்கு ஆபத்தில்லை. சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நமக்கு ஒரு சுருக்குக்கூடத் தெரியாது.

ஆனால் போர்டில் உள்ள நுண்ணிய பாகங்களின் நிலை வேறு. சோலார் பம்பு கன்ட்ரோலரில் மோட்டாரை இயக்கும் மின்னணுச் சுவிட்சுகளைப் பாருங்கள். அவற்றின் கட்டுப்பாட்டு முனைக்கு ஏறத்தாழ 20 வோல்ட்டுக்கு மேல் தரக் கூடாது என்றே பொதுவாக உற்பத்தியாளர் வரம்பு வைக்கிறார். முனைக்குக் கீழே இருக்கும் காப்புப் படலம் அவ்வளவு மெல்லியது. நமக்குத் தெரியாத 1,000 வோல்ட் விரல் நுனியிலிருந்து பாய்ந்தாலும் அந்தப் படலத்தில் துளை விழலாம். உடனே செத்துவிட்டால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். அரைகுறையாகக் காயம் பட்டால் சில நாளோ சில மாதமோ ஓடி, பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

"நாங்கள் மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர்கள், எங்களுக்கு இது எங்கே வரும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஈர வரப்பில் நிற்பவர் உடலில் மின்னேற்றம் தங்காது. ஆனால் போர்டு வரப்பில் கெடுவதில்லை. ரப்பர் செருப்பு, பாலியெஸ்டர் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, தெர்மோகோல் பெட்டி, பாலிதீன் பை ஆகியவற்றுக்கு நடுவேதான் கெடுகிறது. அதுவும் கத்திரி வெயிலில், பகல் நேரத்து மேல்காற்றில் ஈரம் ஏது? கோடையில் வெயில் அளவு கூடும்போதெல்லாம் வானிலை அறிக்கையில் திருத்தணியின் பெயர் அடிபடுவதை நாம் அறிவோம். போர்டு பெட்டிக்குள் முறையாக இணைந்திருக்கும்வரை ஓரளவு பாதுகாப்பு உண்டு. கழற்றியபின் அதன் முனைகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன.

அந்தக் காலத்து ஆயில் ஸ்டார்ட்டரில் காயில், காண்டாக்ட், செம்புப் பட்டை இவ்வளவுதான். உள்ளூர் எலெக்ட்ரீஷியன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே ஓட்டிவிடுவார். இன்று சிங்கிள் பேஸ் தடுப்பான், செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டர், சோலார் கன்ட்ரோலர் என்று எல்லாம் மின்னணு மயம். சாமான் மாறிவிட்டது, அதைத் தொடும் கைப்பழக்கம் மாறவில்லை. உழவர் கடைப்பிடிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. போர்டை நீங்களே கழற்ற வேண்டாம். உத்தரவாதக் காலம் இருந்தால் கம்பெனி ஆளையே வரவழையுங்கள். அரசு மானியத்தில் பி.எம். குசும் திட்டத்தில் தரப்படும் சோலார் பம்புகளுக்கு 5 ஆண்டுப் பராமரிப்பு வழங்குநரின் பொறுப்பு. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

2. சோலார் கன்ட்ரோலரைத் திறக்கவே திறக்காதீர்கள். வெயில் உள்ளவரை பேனல் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். சுவிட்சை நிறுத்திய பிறகும் உள்ளேயுள்ள கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

3. கழற்றிய போர்டைச் சாதாரண பிளாஸ்டிக் பையிலும் தெர்மோகோலிலும் வைக்கக் கூடாது. புதுப் போர்டு வரும் வெள்ளி நிறக் காப்பு உறையைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். பழுது பார்க்கக் கொண்டு போகவும் அதையே பயன்படுத்துங்கள்.

4. போர்டை ஓரத்தில் பிடிக்க வேண்டும். முனைகளையும் பாகங்களையும் விரலால் தொடக் கூடாது.

5. எர்த் குழியைச் சோதித்து வையுங்கள். கம்பி துருப்பிடித்திருந்தால் மாற்றி, கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். இடியினால் கம்பியில் பாயும் மிகை மின்சாரத்தைத் தடுக்கும் சாதனமும் எர்த் சரியாக இருந்தால்தான் பயன்படும்.

பழுது பார்ப்போருக்கும் ஒரு வார்த்தை. மணிக்கட்டில் கட்டி எர்த்துடன் இணைக்கும் பட்டையும், மேஜைமேல் விரிக்கும் காப்பு விரிப்பும் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு போர்டின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை அற்பமே. வெறும் கம்பியைக் கையில் கட்டிக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. முறையான பட்டையில் பத்து லட்சம் ஓம் தடை வைத்திருப்பார்கள். தவறுதலாக மின்சாரம் பட்டாலும் அந்தத் தடை ஆளைக் காக்கும். கரண்டு உள்ள சாதனத்தில் வேலை செய்யும்போது பட்டையைக் கட்டிக்கொள்ளலாகாது.

இதில் உழவரை மட்டும் குறை சொல்வது முறையன்று என்பதே என் கருத்து. கம்பெனிகள் போர்டை விற்கின்றன. அதை எப்படித் தொடுவது என்பதைத் தமிழில் ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுத் தருவோர் சிலரே. எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. விதை நேர்த்தி சொன்னோம், உர அளவு சொன்னோம், சொட்டு நீர் சொன்னோம். அந்தத் தண்ணீரை ஏற்றித் தரும் போர்டைப் பற்றிச் சொல்லவில்லை. திரூர் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில், வேளாண்மைப் பொறியியல் துறையுடன் சேர்ந்து, கிராமத்து எலெக்ட்ரீஷியன்களுக்கு ஒரு நாள் பயிற்சியாவது நடத்த வேண்டும். கம்பெனிகளும் வட்டாரத்துக்கு ஒரு மாற்றுப் போர்டு கையிருப்பு வைக்க வேண்டும். போர்டு அரக்கோணத்துக்கோ சென்னைக்கோ போய்த் திரும்பும்வரை நிலக்கடலை காத்திருக்காது.

பெரிய விவசாயிக்கு இரண்டாவது கிணறு இருக்கும். ஒரு மோட்டார் நின்றால் மற்றொன்று ஓடும். ஒரு ஏக்கர்க்காரருக்கு அந்த ஒரு போர்டுதான் தண்ணீர். ஆகவே அடுத்த முறை மோட்டார் நின்றால் திருப்புளியை எடுக்குமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். போர்டை முறையாகத் தொட்டு, முறையான உறையில் எடுத்துச் சென்றால் வீண் செலவும் மிச்சமாகும், பயிரும் பிழைக்கும்.