கிகாஹேர்ட்ஸ் கணக்கும் பெற்றோரின் காசும்

சாதாரண தரப் பரீட்சை முடித்த மகனுக்குக் கணினி வாங்க யாழ். நகரக் கடையொன்றுக்கு வந்திருந்தார் ஒரு தந்தை. படிப்புக்கும் வேண்டும், கேம் விளையாடவும் வேண்டும். மேசையில் இரண்டு பெட்டிகள். “ஐயா, இது ஐ7, 3.6 கிகாஹேர்ட்ஸ். மற்றது ஐ5, 2.5தான்” என்றான் கடைப் பெடியன். பெரிய திரையும் சேர்த்துக் கொடுத்ததால் பழைய ஐ7 இன் விலையும் ஐ5 இன் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடிய எண்ணைப் பார்த்து அதையே வாங்கிப் போனார் தந்தை. வெளிநாட்டிலுள்ள தம்பி அனுப்பிய காசு. அன்று அருகில் நின்ற நான் வாய் திறக்காதது இன்றும் உறுத்துகிறது.

அவர் வாங்கிய கணினியின் புறோசசர் 2014 இல் வெளிவந்த ஐ7-4790. விட்டுச் சென்றது 2022 இல் வந்த ஐ5-12400. பின்னதன் 2.5 என்பது அடிப்படை வேகம் மட்டுமே. வேலை கூடும்போது அது 4.4 வரை ஏறும். முன்னதன் உச்சம் 4.0. புதியதில் ஆறு கோர்கள், பழையதில் நான்கு. இவற்றைவிடப் பெரிய வேறுபாடு, ஒரு துடிப்பில் முடிக்கும் வேலையின் அளவு.

சைக்கிள் உழக்கி வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். நிமிடத்துக்கு எத்தனை தடவை மிதிக்கிறோம் என்பது ஒன்று. ஒரு மிதிக்குச் சில்லு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால்தான் வேகம். சின்னச் சைக்கிளில் மகன் படபடவென்று உழக்குவான். அப்பா பெரிய சைக்கிளில் ஆறுதலாக உழக்கி அவனைக் கடந்து போவார். கிகாஹேர்ட்ஸ் சொல்வது மிதிகளின், அதாவது புறோசசரின் துடிப்புகளின், எண்ணிக்கையை மட்டும்தான்.

இன்டெல் நிறுவனமே இதைப் பட்டறிந்தது. 2000 இல் வந்த பென்ரியம் 4, துடிப்பைக் கூட்டுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. 2004 இல் 3.8 ஐத் தொட்டது, வெப்பம் மிகுந்தது, 4 கிகாஹேர்ட்ஸ் திட்டம் அதே ஆண்டு கைவிடப்பட்டது. குறைந்த துடிப்புடைய ஏ.எம்.டி. அத்லோன் 64 கேம்களில் அதை முந்தியது. 2022 இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 7 5800எக்ஸ்3டி இன்னொரு சான்று. உச்ச வேகம் 4.5, அதன் உடன்பிறப்பான 5800எக்ஸ் இல் 4.7. ஆனால் கேஷ் நினைவகத்தை 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆக உயர்த்தியதால் பெரும்பாலான கேம்களில் மெதுவானதே வென்றது.

அப்படியானால் துடிப்பு வீணா? இல்லை. விநாடிக்கு 60 காட்சிகள் வேண்டுமென்றால் ஒரு காட்சிக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. அதற்குள் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே படுகிறது என்று புறோசசர் கணக்கிட்டு முடிக்க வேண்டும். ஒரே குடும்பப் புறோசசர்களுக்குள் துடிப்பு கூடினால் இந்தக் கணக்கு விரைவாக முடியும். ஆனால் படம் வரையும் கிராபிக்ஸ் கார்ட் திணறினால் புறோசசர் காத்துக்கொண்டுதான் இருக்கும். சோதிப்பது எளிது. கேமில் திரைத் துல்லியத்தைக் குறையுங்கள். காட்சி எண்ணிக்கை ஏறினால் குறை கிராபிக்ஸ் கார்டில். அசையாமல் நின்றால் குறை புறோசசரில். இணையவழிக் கேம்களில் சிங்கப்பூர், மும்பை சேர்வர்களுக்குப் போய்வரும் பிங் தாமதத்தை எந்தக் கிகாஹேர்ட்ஸும் குறைக்காது.

குடாநாட்டில் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். துடிப்பைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப வெப்பம் ஏறும். 2024 இல் 6.2 கிகாஹேர்ட்ஸைத் தொட்ட ஐ9-14900கேஎஸ் உச்சத்தில் 253 வோட்ஸ் கேட்கிறது. ஐ5-12400 கேட்பது 117. அலகு கூடக்கூட விலையேறும் மின்கட்டணம் நம்முடையது. காண்டாவன வெயிலில், சோளகக் காற்று கொண்டுவரும் புழுதி விசிறியை அடைத்தால், சூடு தாங்காமல் புறோசசர் தன் துடிப்பைத் தானே இறக்கிக்கொள்ளும். பெட்டியில் அச்சிட்ட எண் பெட்டியிலேயே இருக்கும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: புறோசசர் வெளிவந்த ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள். பெற்றோரே, பிள்ளை விளையாடும் கேமை அந்தக் கணினியில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தபின் காசைக் கொடுங்கள். சூடேறிய பிறகு தெரிவதுதான் அதன் உண்மையான வேகம்.