ஏறுவது தாத்தா! இறங்குவது யார்?

ஒரு கப்பல் புறப்படுகிறது. அதில் ஏறியவர்கள் யாரும் கரை சேரமாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் சேரமாட்டார்கள். பேரனுக்குப் பேரன்கூடக் கப்பலிலேயே பிறந்து, கப்பலிலேயே கண்ணை மூடுவான்!

இது என்ன கப்பல்? நட்சத்திரத்துக்குப் போகும் விண்வெளிக் கப்பல். இப்படி ஒன்றைக் கட்ட முடியுமா என்று விஞ்ஞானிகள் யோசித்து வருகிறார்கள்.

எவ்வளவு தூரம்?

சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. ஒளி, ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அந்த ஒளியே அங்கிருந்து இங்கு வர நாலேகால் ஆண்டு ஆகிறது!

1977-ம் ஆண்டு அமெரிக்கா அனுப்பிய வாயேஜர்-1 விண்கலம், நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் போனால் 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதைப்போல 175 மடங்கு வேகத்தில் போனாலும் சுமார் 425 ஆண்டுகள். அதாவது, 17 தலைமுறை!

காற்று குறைந்தது

அத்தனை காலமும் காற்று, தண்ணீர், சோறு எல்லாம் கப்பலுக்குள்ளேயே கிடைக்கவேண்டும். முடியுமா?

1991-ம் ஆண்டு அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில், 'பயோஸ்பியர்-2' என்ற பெரிய கண்ணாடி வீட்டுக்குள் 8 பேர் குடிபுகுந்தார்கள். பரப்பு 3 ஏக்கர். உள்ளேயே பயிர் செய்தார்கள். பசியால் உடல் மெலிந்தார்கள். காற்றில் 21 சதவீதம் இருந்த பிராணவாயு, சுமார் 14 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் அதை உட்கொண்டுவிட்டன! 1993-ம் ஆண்டு வெளியிலிருந்து பிராணவாயு செலுத்தினார்கள். உயிர் தப்பியது.

நட்சத்திரக் கப்பலுக்கு 'வெளியில்' என்று ஒன்று உண்டா?

யாரைக் கேட்பது?

இன்னொரு கேள்வியும் உண்டு. முதலில் ஏறுபவர் விரும்பி ஏறுகிறார். நடுவில் பிறக்கும் குழந்தையை யார் கேட்டார்கள்? பூமியையும் அது பார்க்காது. போய்ச் சேரும் இடத்தையும் பார்க்காது. வளர்ந்ததும் காற்று இயந்திரத்தைக் காக்கவேண்டும். மாட்டேன் என்றால் எல்லோருக்கும் ஆபத்து!

"பெற்றோர் பிழைக்கப் போகும் ஊரில்தானே பிள்ளை பிறக்கிறது?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அந்த ஊர் பிடிக்காவிட்டால் பிள்ளை வேறு ஊருக்கு வண்டி ஏறலாம். இந்தக் கப்பலில் இருந்து எங்கே போவது?

நட்சத்திரத்தை எட்ட ஆசைப்படுவது தவறல்ல. முதலில் இயந்திரங்கள் போகட்டும். மூடிய வீட்டில் ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் நலமாக வாழலாம் என்று பூமியிலேயே காட்டட்டும்.

அதற்குமுன், பிறக்காத 17 தலைமுறைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட யாருக்கும் உரிமை இல்லை!