கார் ஓடின நிலம்



டில்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவில் புத்தர் பேரில் ஒரு கார் பந்தயத் திடல். சுற்று 5 கிலோமீட்டர் சொச்சம். 2011 மே மாதம் அந்த வட்டாரத்து பட்டா பர்சவுல் கிராமத்தில், எக்ஸ்பிரஸ் சாலைத் திட்டத்துக்கு எடுத்த நிலத்துக்கு நியாய விலை கேட்ட போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. விவசாயிகளும் செத்தார்கள், போலீசாரும் செத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் திடலில் ஃபார்முலா ஒன் பந்தயம்! ஓடினது 2011, 2012, 2013, மூணே வருஷம். விளையாட்டா கேளிக்கையா என்ற வரித் தகராறோடு மூட்டை கட்டிப் போனார்கள். பாக்கி கட்டவில்லை என்று 2020-ல் ஒதுக்கீடே ரத்து. 2023-ல் ஒரு பைக் பந்தயம். கோதுமை என்றால் வருஷா வருஷம் விளைஞ்சிருக்கும்.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? தனியாருக்கு நிலம் எடுக்க 80 சதம் பேர் சம்மதம் வேணும் என்கிறது 2013 மத்திய சட்டம். தமிழ்நாட்டின் 1997 தொழில் நில எடுப்புச் சட்டத்தில் அந்தச் சம்மதம் கிடையாது. அதை நீக்கச் சொல்லிக் கேட்கிறோம். கிராம சபையில் தீர்மானம் போடுங்க.