பலிபீடம் யாருடையது?

ஊர்க் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு என்று பேச்சு வந்தாலே நம் ஆட்களில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "அதெல்லாம் காட்டுமிராண்டித்தனம், வளர்ந்த மதங்கள் எப்பவோ விட்டுட்டாங்க" என்பார்கள். சொல்லிவிட்டுத் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இங்கேயே படித்து, இங்கேயே பொறியாளராக வேலை செய்யும் என் வயதுக்காரர்களிடம் இந்த வசனத்தை அடிக்கடி கேட்கிறேன். கறி தின்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது, நானும் தின்கிறவன்தான். அவர்கள் சொல்லும் வரலாறு தப்பு. என் சண்டை அதோடுதான்.

'வளர்ந்த மதம்' என்று உதாரணம் கேட்டால் யூத மதத்தைக் காட்டுகிறார்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், வாட்டர்லூ ஸ்திரீட்டில், 1878இல் எழுந்த மகாய்ன் அபோத் யூத ஆலயம் இருக்கிறது. ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அதே தெருதான். யூத ஆலயத்தில் பலிபீடம் இல்லை. சரி, ஏன் இல்லை? என்றோ ஒருநாள் அவர்களுக்கு ஆட்டின்மேல் இரக்கம் வந்துவிட்டதா?

இல்லைங்க. பழைய இஸ்ரவேலில் பலி ஊருக்கு ஊர் நடந்தது. தெற்கே ஆராத் கோட்டைக்குள் பலிபீடத்தோடு ஒரு கோயிலே இருந்ததை 1960களில் தோண்டி எடுத்தார்கள். பெயெர்செபாவில், மூலைகளில் கொம்பு வைத்த ஒரு பலிபீடத்தைப் பிரித்து, அதன் கற்களைக் கிடங்குச் சுவரில் வைத்துக் கட்டியிருந்தார்கள். பலி எதற்கு என்று லேவியராகமம் வகைவகையாகச் சொல்கிறது. சர்வாங்க தகனபலி முழுவதும் கடவுளுக்கு எரிக்க வேண்டியது. பாவநிவாரண பலி, அறியாமல் செய்த பிழைக்கு. சமாதான பலியில் கொழுப்பு கடவுளுக்கு, ஒரு பங்கு ஆசாரியருக்கு, மிச்சம் கொடுத்தவர் வீட்டு விருந்துக்கு. உயிர் ரத்தத்தில் இருக்கிறது, உயிர் கடவுளுடையது, ஆகவே ரத்தம் பீடத்துக்கு. நேர்ச்சை, நன்றி, பங்கு, விருந்து. நம்ம ஊர்க் கிடா வெட்டில் இதில் எது இல்லை?

கி.மு. 622 வாக்கில் யோசியா மன்னன் ஊர் மேடைகளை எல்லாம் அழித்து, பலியை எருசலேமுக்குள் அடக்கினான். உபாகமம் 12ஆம் அதிகாரத்தின் சட்டமும் அதேதான்: பலி ஒரே இடத்தில்; கறி வேண்டுமா, உங்கள் ஊரிலேயே அறுத்துத் தின்னுங்கள், ரத்தத்தைத் தரையில் ஊற்றிவிடுங்கள். ஆடு சாவது நிற்கவில்லை. ஊர்க்காரன் தன் ஊர்ப் பீடத்தில் பலி கொடுக்கும் உரிமைதான் போனது. மேடைப் பூசாரிகளுக்கு எருசலேம் பீடத்தில் இடமில்லை, அப்பத்தில் மட்டும் பங்கு.

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். இருந்த ஒரே இடமும் போனது, பலியும் நின்றது. அந்த இடத்தை ஜெபம் எடுத்துக்கொண்டது. ஆலயம் மறுபடி எழ வேண்டும் என்று மரபான யூதர்கள் இன்றும் வேண்டுகிறார்கள். கெரிசீம் மலையைப் புனிதமாகக் கொண்ட சமாரியர்களுக்கு மலை கைவிட்டுப் போகவில்லை. அவர்கள் இன்றும் வருடாவருடம் பஸ்காவுக்கு அங்கே ஆடு அறுக்கிறார்கள். இதில் 'வளர்ச்சி' எங்கே இருக்கிறது?

இப்போது நம்ம கதை. கோயிலிலும் அதன் வளாகத்திலும் ஆடு, கோழி பலியிடக்கூடாது என்று சென்னை மாகாணத்தில் 1950இல் சட்டம் வந்தது. பெரும்பாலும் தூங்கிக் கிடந்த அதை 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு எழுப்பிக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. கிராமங்கள் கொதித்தன, 2004 பிப்ரவரியில் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சட்டம் கசாப்புக்கடையைத் தொடவே இல்லை. அதே ஆட்டைக் கடையில் வெட்டினால் வியாபாரம், அய்யனார் கோயிலில் கருப்பசாமி முன்னால் வெட்டினால் குற்றம். யோசியா செய்ததும் இதுதானே?

சிங்கப்பூர் இதைவிடத் தெளிவு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆடுகள் வந்து, அனுமதி பெற்ற பள்ளிவாசல்களில் குர்பான் கொடுக்கப்பட்டிருக்கிறது. சுத்தம், ஒழுங்கு, விலங்குக்கு வதை கூடாது என்று விதி போடலாம். போட வேண்டும். அதை ஏற்றுக்கொள்வதும் "காட்டுமிராண்டி" என்று திட்டுவதும் வேறு வேறு.

"பலியைக் கண்டித்த தீர்க்கதரிசிகளும் இருந்தாங்களே?" இருந்தார்கள். ஆமோஸும் ஏசாயாவும் கடுமையாகவே கண்டித்தார்கள். ஆட்டுக்காக அல்ல. ஏழையை நசுக்கி, விதவையின் வழக்கைக் கேட்காமல் விட்டு, அந்தக் கையோடு பலி கொண்டுவருகிறாயே என்றுதான் கேட்டார்கள். நம் கிடா வெட்டிடம் கேட்க வேண்டியதும் அந்த மாதிரிக் கேள்விதான்: பந்தியில் யாரெல்லாம் உட்காரலாம்? எந்தச் சாதிக்காரரை வாசலோடு நிறுத்துகிறார்கள்? முதல் மரியாதை யாருக்கு? இதைக் கேட்டால் ஊரில் சண்டை வரும், சொந்தக்காரர்கள் பேசமாட்டார்கள். ஆட்டைக் காட்டி முகம் சுளிக்க அந்தச் செலவு எதுவும் இல்லை.

கறியே தொடாதவர் கொலையே வேண்டாம் என்றால், அவரோடு உட்கார்ந்து பேசுவேன். அவர் வாதத்துக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. கையில் தேக்கா பையோடு நிற்பவர், குலசாமிக்குக் கிடா வெட்டும் தன் பெரியப்பாவைக் காட்டுமிராண்டி என்று சொல்லும் முன், அந்தப் பைக்குள் இருப்பதை யார் எங்கே வெட்டினார்கள் என்றாவது சொல்லட்டும்.