ஏழு நிமிடத்தில் ஒரு பந்தயம்

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் எஃப்1 பந்தயம் தொடங்கும்போது பினாங்கில் ஞாயிறு இரவு பத்து மணி. பிரேசில் பந்தயம் என்றால் நள்ளிரவும் தாண்டிவிடும். மறுநாள் காலை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் இருப்பவர் எவ்வளவு நேரம்தான் விழித்திருப்பார்? 1999-இல் சிப்பாங்கிற்கு வந்த எஃப்1, 2017-உடன் விடைபெற்றுவிட்டதால் நம் நாட்டிலேயே நேரில் பார்க்கும் வாய்ப்பும் இல்லை. ஆகவே நம்மில் பலருக்குப் பந்தயம் என்பது, திங்கள் காலை ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே பார்க்கும் ஏழெட்டு நிமிட ஹைலைட்ஸ்தான்.

அந்த ஹைலைட்ஸ் நன்றாகத் தொகுக்கப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் வைத்திருக்கும் உரைகல், 2012 மார்ச் 25 அன்று சிப்பாங்கில் நடந்த பந்தயம்.

அந்தப் பந்தயத்தில் நரேன் கார்த்திகேயன் ஓட்டியதைப் பற்றிப் பலருக்கும் நினைவில் இருப்பது ஒரே காட்சிதான். நான்காவது இடத்தில் இருந்த செபாஸ்டியன் வெட்டல், நரேனை ஒரு சுற்று முந்திச் செல்லும்போது இரு கார்களும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்தது. அன்றைய உலகச் சாம்பியன் புள்ளியே இல்லாமல் 11-ஆவதாக முடித்தார்; கோபத்தில் நரேனை ‘வெள்ளரிக்காய்’ என்று ஏசினார். நடுவர்கள் நரேனுக்கு 20 வினாடி தண்டனை கொடுத்தார்கள். இவ்வளவும் உண்மை. காட்ட வேண்டிய காட்சியும்தான்.

ஆனால், அதே பந்தயத்தில் வேறொன்றும் நடந்தது. மழையில் தொடங்கிய பந்தயத்தில் பெரும்பாலோர் இன்டர்மீடியட் டயரோடு கிளம்பினார்கள். வரிசையின் கடைக்கோடியில் நின்ற நரேனின் எச்.ஆர்.டி. காரில் கனமழை டயர் மாட்டப்பட்டிருந்தது. மழை வலுத்ததும் மற்றவர்கள் டயர் மாற்ற பிட்டுக்குள் நுழைந்தார்கள். அவர் ஓடிக்கொண்டே இருந்தார். ஒன்பது சுற்றுகளுக்குப் பிறகு சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியபோது, களத்திலேயே மெதுவான கார்களில் ஒன்றை ஓட்டிய அந்தக் கோயம்புத்தூர்க்காரர் பத்தாவது இடத்தில் இருந்தார். அந்த இடம் நிலைக்கவில்லை. ஆனாலும் உரசல் மட்டும் மிஞ்சிய தொகுப்பைப் பார்த்த பிள்ளைக்கு, எஃப்1-இல் ஓட்டிய முதல் இந்தியர், ஒரு தமிழர், வழியை மறித்தவராக மட்டுமே தெரிவார்.

எனவே ஹைலைட்ஸ் பார்க்கும்போது நான் மூன்று கேள்விகள் கேட்பேன்.

முதலாவது, காரணம் காட்டுகிறார்களா? அதே பந்தயத்தில் சாபர் அணியின் செர்ஜியோ பெரெஸ் இரண்டாவதாக வந்து, வென்ற ஃபெர்னாண்டோ அலோன்சோவைக் கடைசி வரை விரட்டினார். முதல் சுற்று முடிந்த கையோடு பிட்டுக்குள் போய்க் கனமழை டயர் மாட்டியதில்தான் அவருடைய ஏற்றம் தொடங்கியது. டயர் மாற்றும் அந்தச் சில வினாடிகளை வெட்டிவிட்டால், பெரெஸ் திடீரென்று முன்னால் முளைத்ததுபோல் இருக்கும்.

இரண்டாவது, எந்தச் சுற்று, இருவருக்கும் இடையே எத்தனை வினாடி என்பது திரையில் தெரிகிறதா? 56 சுற்றுப் பந்தயத்தில் எட்டாவது சுற்றிலிருந்து நாற்பதாவது சுற்றுக்குச் சொல்லாமல் தாவினால், பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

மூன்றாவது, பின்னால் ஓடுபவர்களுக்கும் இடம் உண்டா? முதல் மூவரையும் மோதல்களையும் மட்டும் ஒட்டினால் அது விபத்துத் தொகுப்பு. ஒரே மோதலை நான்கு கோணங்களில், மெதுவாகவும் வேகமாகவும் காட்டும் நேரத்தில், நடுவரிசையில் நடந்த ஒரு நல்ல முந்தலைக் காட்டிவிடலாம்.

ஏழு நிமிடத்தில் எல்லாவற்றையும் அடக்க முடியாது. அது தொகுப்பவர் குற்றமல்ல. எதை விடுவது என்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

அடுத்த திங்கள் ஹைலைட்ஸ் முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம், “அவர் ஏன் ஜெயித்தார்?” என்று கேட்டுப் பாருங்கள். “டயரை முதலில் மாற்றினார்” என்பதுபோல் ஒரு பதில் வந்தால் தொகுப்பு நன்று. “யாரோ மோதினார்கள்” என்பது மட்டுமே வந்தால், வார இறுதியில் நேரம் ஒதுக்கி முழுப் பந்தயத்தையும் சேர்ந்து பாருங்கள். கடைசி வரிசையிலிருந்து பத்தாவது இடத்துக்கு வந்த ஒருவரை அதில் நீங்கள் சந்திக்கக்கூடும்.